கரையில நிக்கிறவையின்ர கணக்கு: யாழ்ப்பாணக் கரையோர டயறி

2025 யூன் 11, புதன். குருநகர்

குருநகர் இறங்குதுறையில விடிய அஞ்சரைக்கு மீனை விட ஆக்கள்தான் கனக்க. ஒரு போட் கரை தட்டினா அதில கடலுக்குப் போனது ரெண்டு பேர், மிஞ்சினா மூண்டு பேர், ஆனா அதைப் பாத்துக்கொண்டு கரையில நிக்கிறது பதினைஞ்சு பேராவது இருக்கும். ஏலம் கூறி விக்கிறவர், மீனவர் சங்கத்துக் கழிவை எழுதிறவர், கொழும்பு லொறிக்கு மீன் சேக்கிற முதலாளியின்ர ஆள், ஐஸ் தள்ளிக்கொண்டு வாற பெடியன், றெஜிபோம் பெட்டியை மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால கட்டிக்கொண்டு வந்த யாவாரியள், கருவாட்டுக்கு மலிஞ்ச மீன் எடுக்க வந்த அம்மாமார், வலையில சிக்கின நண்டைக் கழட்டிக் குடுக்கிற பெண்டுகள். பூனையளைக் கணக்கில சேக்கேல்ல.

நான் வவுனியாவில ஒரு வங்கியில லோன் செக்சனில வேலை, ஊர் கோப்பாய், தோட்டக்காரக் குடும்பம். எங்கட பக்கத்து ஆக்களுக்குக் கடல் எண்டா ஹோர்ன் அடிச்சுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வாற மீன்காரர் மட்டுந்தான், அவர் எங்க வாங்குறார் ஆரிட்டக் கடன் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறை லீவுக்கு ஊருக்கு வந்ததில மச்சானின்ர மோட்டச்சைக்கிளில கரையோரமாவே சுத்திப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டாச்சு. கோட்டை, நூலகம், நல்லூர் எல்லாம் எழுத ஆக்கள் இருக்கினம், நான் எழுதப் போறது ஐஸ், மண்ணெண்ணெய், கடன் கொப்பி இதுகளைப் பற்றி. பிடிக்காதவை இப்பவே ஸ்க்ரோல் பண்ணிப் போகலாம்.

கூறல் எண்டா சரியான வேகம். ஓராவும் திரளியும் ஒரு கும்பி, விளைமீன் தனிய, கணவாய் தனிய, நண்டு தராசுக்குப் போகுது. கூறிறவர் சொல்லுற விலை எனக்கு விளங்கிறதுக்கு முதல் அடுத்த கும்பிக்குப் போயிட்டார். ஆனா கொஞ்ச நேரம் நிண்டு பாத்தா ஒண்டு தெரியும், எல்லா மீனும் கூறலுக்கு வாறேல்ல. சில போட்டுகளின்ர மீன் நேராவே ஒரு குறிப்பிட்ட முதலாளியின்ர பெட்டிக்குள்ள போகுது. ஏனெண்டு கேட்டா, வலை வாங்க முற்பணம் குடுத்தது அவர், எஞ்சின் பழுதானப்ப காசு குடுத்தது அவர், பேந்து மீனை வேற ஆளுக்கு விக்க ஏலுமோ? விலையும் அவர் சொல்லுறதுதான். எங்கட வங்கியில வட்டி வீதத்தை எழுதி ஒட்டி வைப்பம், இஞ்ச வட்டி மீன் விலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு, ஒரு கிலோவில எத்தினை ரூபா குறைச்சுப் போட்டாலும் அது வட்டி எண்டு ஆரும் சொல்லமாட்டினம். இதைச் சொன்னதுக்கு மச்சான் "நீ லீவிலயும் கந்தோர்க் கதைதான் கதைப்பாய்" எண்டான். ஆனா அந்த முதலாளியைக் கெட்டவர் எண்டு எழுத எனக்கு மனமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எஞ்சினுக்குக் காசு தாற வங்கி உலகத்தில எங்க இருக்கு?

துறைக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. அக்கா ஒராள் நடத்துறா, அப்பமும் இடியப்பமும். எவ்வளவு மா கரைக்கிறது எண்டதை அவ முதல் நாள் ராத்திரிக் காத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறாவாம். இப்ப சோழகம், தென்மேற்குக் காத்துக் காலம், காத்துக் கூடினா போட் குறையும், போட் குறைஞ்சா விடிய வாற யாவாரியும் குறையும், அப்பம் மிஞ்சும். "காலநிலைத் திணைக்களத்துக்கு முதல் எனக்குத் தெரியும் தம்பி" எண்டு சிரிக்கிறா. அவவிட்ட ஒரு கொப்பி இருக்கு, பெயர் பெயரா எழுதி. மீன் பட்டா அண்டைக்கே வெட்டுவினம், படாட்டி அடுத்த பக்கம். அவ பாண்காரருக்கும் மாக்கடைக்கும் குடுக்க வேண்டியது இன்னொரு கொப்பியில. கடலில ஒரு கிழமை மீன் இல்லையெண்டா அந்தக் கடன் இப்பிடிக் கொப்பி கொப்பியா ஏறி ஏறி கஸ்தூரியார் றோட்டு நகைக்கடை வரைக்கும் போகும், ஈடு வைக்கிறது அங்கதானே.

குருநகரில வலைத் தொழிற்சாலை ஒண்டு இருக்கிறது கனபேருக்குத் தெரியும், அதுக்குப் பின்னால இருக்கிற கதை கனபேருக்குத் தெரியாது. இந்த ஊர் அந்தோனி இராஜேந்திரம் 1956இல நோர்வேக்குப் போனவர், அங்க மீன்பிடி படிச்சிட்டு 1967இல அங்கத்தைய ஆக்களின்ர உதவியோட சீ-நோர் எண்ட திட்டத்தைத் தொடங்கினவர். காரைநகரில படகு கட்டுறது, குருநகரில வலை பின்னுறது. யோசிச்சுப் பாருங்கோ, அந்த மனுசன் கடலுக்குள்ள போறதுக்கு மட்டும் உதவி கேக்கேல்ல, கரையில நிண்டு செய்யிற வேலையையும் ஊருக்குள்ள கொண்டு வர வேணும் எண்டு நினைச்சிருக்கிறார். வலையை வெளியில வாங்கினா அந்தக் காசு வெளியிலதான் நிக்கும். நோர்வேயில இவ்வளவு யாழ்ப்பாணத்து ஆக்கள் இருக்கிறதுக்கும் முதல் விதை அவர்தான் எண்டு சொல்லுவினம்.

யூன் 12, வியாழன். நாவாந்துறை, காக்கைதீவு

இண்டைக்கு ஐஸ்காரரின்ர நாள். அதுவும் சரியான நாளில போய் மாட்டினம், இண்டையில இருந்து கரண்ட் கட்டணம் 15 வீதம் கூட்டியாச்சு. ஐஸ் கொம்பனி ஐயா ஒருத்தர் பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டு என்னைக் கண்டதும் ஏதோ நான்தான் கூட்டின மாதிரிப் பாத்தார். 2022 ஓகஸ்டில 75 வீதம், 2023 பெப்ரவரியில 66 வீதம் எண்டு கூட்டினவங்கள், இந்த வருசம் சனவரியில 20 வீதம் குறைச்சவங்கள், அந்தச் சந்தோசம் ஆறு மாசம் கூட நிக்கேல்ல. ஐஸ் எண்டா தண்ணியும் கரண்டும், வேற என்ன இருக்கு அதில. விலையைக் கூட்டினா மீன்காரர் ஐஸைக் குறைச்சுப் போடுவினம், ஐஸ் குறைஞ்சா கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன்சந்தைக்குப் போய்ச் சேரேக்க மீன் இளகிப் போகும், அங்க விலை விழும், விழுந்த விலை திரும்பி வந்து போட்காரனில கழியும். கூட்டாட்டி ஐயாவுக்கு நட்டம். மீன் வரத்து இல்லாத நாளில மெசினை நிப்பாட்டலாம்தானே எண்டு கேட்டன். நிப்பாட்டினா திரும்ப உறைய வைக்கிறதுக்கு நேரமும் கரண்டும் கூடப் போகுமாம், அதோட அடுத்த நாள் திடீரெண்டு மீன் பட்டா ஐஸ் இல்லையெண்டு ஆக்கள் வேற கொம்பனிக்குப் போயிடுவினம். அதால மீன் இல்லாட்டியும் ஐஸ் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

பேலியகொடையைச் சொல்லேக்க அவர் 2020 ஒக்டோபரை ஞாபகப்படுத்தினார். கொரோனா அந்தச் சந்தையில பரவி அதைப் பூட்டினதோட இஞ்ச நாவாந்துறையில வருத்தம் இல்லாத மீனுக்கும் விலை இல்லாமப் போச்சு. கடல் நல்லா இருந்தது, மீன் பட்டது, எடுக்கத்தான் லொறி வரேல்ல. அதுக்கு முதல் 2006இல தெற்குக்குப் போற ஏ9 றோட்டுப் பூட்டினப்பவும் இதே கதைதான், ஆனா அப்ப கடலுக்கும் பாஸ், நேரக் கட்டுப்பாடு எண்டு எல்லாப் பக்கமும் பூட்டு.

பின்னேரம் காக்கைதீவு. சந்தையில நிண்டு கொண்டு ரெண்டு அக்காமாரோட கதைச்சன், நண்டுக் கொம்பனியில வேலை செய்யிறவை. கொம்பனி பஸ்ஸில போய் வருவினம். நீலக்கால் நண்டை அவிச்சு, ஓட்டை உடைச்சு, சதையைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, அது பிறகு டின்னில அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகுது. எடுக்கிற சதைக் கிலோவுக்குத்தான் காசு, நண்டு வராட்டி அண்டைக்கு பஸ்ஸும் வராது. "ராத்திரி போன் வரும், நாளைக்கு வேலை இல்லை எண்டு. அவ்வளவுதான்." ஒரு அக்காவின்ர விரல் நுனி எல்லாம் கீறல். என்னை ஆச்சரியப்படுத்தினது அவைக்கு ட்ரம்பின்ர வரி வடிவாத் தெரிஞ்சிருந்தது. ஏப்ரலில இலங்கைக்கு 44 வீதம் எண்டு சொன்னதும், பேந்து 90 நாளைக்குத் தள்ளி வைச்சதும், அந்த 90 நாள் முடியப் போகுது எண்டதும். எங்கட கந்தோரில பாதிப் பேருக்கு இது தெரியாது. அவை அதைச் சும்மா நியூசா வாசிக்கேல்ல, லோன் கட்டுற கிழமையைக் கணக்குப் பாத்துக்கொண்டு வாசிச்சிருக்கினம்.

ராத்திரிச் சாப்பாடு மச்சான் வீட்டில ஒடியல் கூழ். நண்டுக் கால் ஒண்டோட அரை மணித்தியாலம் போராடேக்க கிலோக் கணக்கில உதைச் செய்யிறவையை நினைச்சன்.

யூன் 13, வெள்ளி. பாசையூர்

அந்தோனியார் திருவிழா. ஒரு போட்டும் கடலுக்குப் போகேல்ல, கோயிலடியில நிக்க இடமில்லை. அதோட வெள்ளிக்கிழமை, எங்கட சைவ ஆக்கள் மச்சம் தொடாத நாள், மொத்தத்தில இண்டைக்கு யாழ்ப்பாணத்தில மீனுக்கு வேலையே இல்லை. சின்னக்கடைச் சந்தையில பாதி மேசை வெறுமை. நல்லூர்க் கொடியேறினா இருபத்தஞ்சு நாளும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் எண்டு ஒரு யாவாரி சொன்னார், ஓகஸ்ட் வருதெண்டாலே அவருக்கு நெஞ்சிடி. அந்த இருபத்தஞ்சு நாளும் கொழும்பு லொறியை நம்பித்தான் சீவியம். தன்ர பெண்சாதி சைவக்காரி, நல்லூருக்கு விரதம், அவ விரதம் இருக்கிறதால தனக்கு யாவாரம் இல்லை எண்டு பகிடி விட்டார்.

வேற எழுத ஒண்டும் இல்லை. மோதகம், கச்சான், ஐஸ்கிறீம். நல்லாச் சாப்பிட்டம்.

யூன் 14, சனி. ஊர்காவற்துறை, காரைநகர்

பண்ணைப் பாலத்தால வேலணை, அங்கால ஊர்காவற்துறை. சோழகக் காத்து மோட்டச்சைக்கிளை றோட்டை விட்டுத் தள்ளுது, உப்பு முகத்தில ஒட்டுது. கரையில எஞ்சின் திருத்திற அண்ணை ஒராளின்ர கொட்டிலுக்குள்ள போய் ஒதுங்கினம். சுவரில பெட்டியளில பழைய பிளக், கிழிஞ்ச சீல், உடைஞ்ச காத்தாடி. இந்தப் பக்கத்துச் சின்னப் போட்டுகள் முக்கால்வாசி மண்ணெண்ணெயில ஓடுறது. 2022 ஓகஸ்டில ஒரே ராத்திரியில லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்குப் போனது, அண்டைக்குப் பிறகு தனக்கு மூண்டு மாசம் வேலையே இல்லை எண்டார். எஞ்சின் ஓடினாத்தானே பழுதாகும். பிறகு விலை இறங்கினது, ஆனா 87ஐ ஆரும் திரும்பிக் காணேல்ல. போன வருசக் கடைசியில லீற்றருக்கு 25 ரூபா மானியம் எண்டு வந்தது. அது நல்லது, நான் குறை சொல்லேல்ல. ஆனா அது ஆருக்குப் போகுது? போட் பதிஞ்சு வைச்சிருக்கிறவைக்கு. இந்த அண்ணையின்ர பெயர் எந்தப் பட்டியலிலயும் இல்லை. முந்தநாள் கண்ட நண்டு அக்காமாரின்ர பெயரும் இல்லை, அப்பக் கடை அக்காவின்ர பெயரும் இல்லை. புயல், கொரோனா, மண்ணெண்ணெய் எண்டு எந்த இழப்பீட்டுக் கதை வந்தாலும் போட்டும் வலையும் எண்ணுவினம், அதோட கணக்கு முடிஞ்சுது. ஒரு போட்டுக்கு ரெண்டு பேர் எண்டு எண்ணிப் போட்டு மிச்சப் பதினைஞ்சு பேரை என்னெண்டு மறக்கிறது?

காரைநகருக்குப் பாதையில ஏறினம். பாதை எண்டா கடலைக் கடக்கிற சின்ன மிதப்பு, மோட்டச்சைக்கிளோட ஏத்தி இறக்குவாங்கள், காசு இல்லை. கடற்கோட்டை வலப்பக்கமோ இடப்பக்கமோ எண்டு மச்சானோட சண்டை பிடிக்கிறதுக்குள்ள அக்கரை வந்திட்டுது. சீ-நோர் இருந்த ஊர் இது. இப்ப சீ-நோர் அரசாங்கக் கொம்பனி, தலைமைக் கந்தோர் கொழும்புப் பக்கம். ஒரு காலத்தில இந்தப் பகுதிப் பெடியள் இஞ்ச பைபர் வேலை பழகி வெளியில போய்ப் பிழைச்சவை எண்டு தேத்தண்ணிக் கடையில ஒரு ஐயா சொன்னார்.

கடை முழுக்க ஒரே கதை, இண்டைக்கு ராத்திரியோட தமிழ்நாட்டு மீன்பிடித் தடைக்காலம் முடியுது. ஏப்ரல் 15இல இருந்து 61 நாள் அங்கத்தைய றோலர், அதுதான் இழுவைப் படகு, வராது, அந்த ரெண்டு மாசமும் இஞ்ச வலையைப் பயமில்லாமக் கடலில விட்டிட்டுப் படுக்கலாம். நாளையில இருந்து கவனம். வலை அறுந்தா போட்காரனுக்கு நட்டம் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா கடையில இருந்த வலைக்கடைக்காரர் வாய் திறக்கேல்ல, நான் கேட்டாப் போல சொன்னார், வலை அறுந்தா எனக்கு யாவாரம் எண்டு சனம் நினைக்குது தம்பி, கடனுக்குக் குடுத்த வலையே அறுந்து போனா நான் ஆரிட்டக் காசு கேக்கிறது?

இன்னொண்டும் சொல்ல வேணும். அந்த 61 நாளும் ராமேஸ்வரத்தில ஐஸ் கொம்பனி, மீன் சுமக்கிறவை, இறால் தரம் பிரிக்கிற பெண்டுகள் எல்லாரும் வேலை இல்லாம இருக்கிறவைதான். இஞ்சயும் குருநகரில உள்ளூர் றோலர் வைச்சிருக்கிறவை இருக்கினம், 2017இல அடிமடி இழுவைத் தொழிலைத் தடை செய்து சட்டம் வந்தப்ப அவையை நம்பி இருந்த கரை ஆக்களும் முழிச்சவை. அதுக்காக இழுவை சரியெண்டு சொல்ல மாட்டன், கடலின்ர அடியைச் சுரண்டினா பத்து வருசத்தில ரெண்டு கரைக்கும் ஒண்டும் மிஞ்சாது. ஆனா நிப்பாட்டேக்க கரையில நிக்கிறவன் என்ன செய்யிறது எண்டதுக்கு ரெண்டு அரசாங்கத்திட்டயும் பதில் இல்லை.

யூன் 15, ஞாயிறு. மயிலிட்டி

எனக்கு இந்த இடத்தைப் பாக்க வேணும் எண்டுதான் இந்தச் சுத்தே. 1990 யூனில சனம் வெளிக்கிட்டது, ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம், 27 வருசம் ஊர்ச்சனம் ஆரும் உள்ள போகேல்ல, 2017 யூலை 3 துறைமுகத்தைத் திரும்ப விட்டவங்கள், திருத்தி 2019 ஓகஸ்டில திறந்தவங்கள். சண்டைக்கு முதல் இலங்கையில பெரிய மீன்பிடித் துறைமுகங்களில ஒண்டு.

துறைமுகம் வடிவா இருக்கு. கல் அணை, கொங்கிறீட் மேடை, ஏலம் கூறுற கட்டிடம். ஆனா குருநகரில விடிய நிண்ட அந்தப் பதினைஞ்சு பேர் இஞ்ச இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்டதும் ஒரு காரணம், சரி. ஆனா பெரிய காரணம் அது இல்லை. நிக்கிறதில கனக்க தெற்கில இருந்து வந்த பலநாள் போட்டுகள், அவை ஐஸும் சாமானும் தங்கட ஒழுங்கிலதான், மீனும் லொறியில ஏறி நேரா தெற்குக்குப் போயிடும். ஒரு பக்கம் பிடிபட்ட இந்திய றோலர்கள், பெயின்ற் உரிஞ்சு, சில பாதி தண்ணிக்குள்ள தாண்டு, இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்குது. இந்த ஊர்ச் சின்னப் போட்டுக்காரர் கட்ட இடம் தேடினம்.

அங்க ஒரு ஐயா, எழுவது வயசு தாண்டியிருக்கும், வெளியில திண்ணை மாதிரி ஒரு கல்லில இருந்தவர். சண்டைக்கு முதல் லொறிகள் இஞ்ச இருந்து சந்தி வரைக்கும் வரிசையா நிக்கும், ஐஸ் உடைக்கிற சத்தத்தில நித்திரை கொள்ள ஏலாது, தகரக் கொட்டிலுக்கு வாடகை, பாய்க்கு வாடகை, குளிக்கிற தண்ணிக்குக் கூடக் காசு எண்டு சொன்னார். இடம்பெயர்ந்த மயிலிட்டி ஆக்கள் போன இடத்திலயெல்லாம் முகாமில இருந்துகொண்டே ஆரின்ரயோ போட்டுக்குக் கூலிக்குப் போனவை. ஆனா ஐஸ்காரர், லேத்துக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் எண்டவை அந்த 27 வருசத்தில வேற தொழிலுக்குப் போயிட்டினம், கொழும்பு, கனடா, ஆமியின்ர சண்டையில செத்தவையும் இருக்கினம். போட் வாங்கக் கடன் குடுக்கலாம், மேடை கட்ட ஒரு வருசம் காணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி எஞ்சின் திருத்திறவன், கொப்பியில கடன் எழுதிறவ, ஐஸ் போட்டு வைச்சுக்கொண்டு காத்திருக்கிறவர், இவை வாறதுக்குக் கன வருசம் ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பழக வேணும். சுத்திவர இன்னும் விடாத காணியள் வேற. வீடே இல்லாத ஊரில ஆர் அப்பக் கடை போடுறது?

ஐயாவிட்ட இப்ப என்ன தேவை எண்டு கேட்டன். பெரிசா ஏதும் சொல்லுவார் எண்டு பாத்தா, "பக்கத்தில ஒரு ஐஸ் கொம்பனியும், பிளேன்ரீக் கடை ஒண்டும்" எண்டார்.

யூன் 16, திங்கள். பருத்தித்துறை

வல்வெட்டித்துறையைத் தாண்டேக்க அன்னபூரணிக் கதை சொல்லாம வர ஏலாது, இஞ்ச கட்டின பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவில குளொஸ்ரர் வரைக்கும் போனது. மச்சான் எத்தினையாவது தரமாவோ கேட்டிட்டுத் தலையாட்டினான்.

முனைப் பக்கம் ஒரு வேம்பு நிழலில மூண்டு பேர் வலை பொத்திக்கொண்டு இருந்தினம். வாடையில அடங்கிக் கிடக்கிற இந்தக் கரை சோழகத்துக்கு ஓரளவு தொழில் செய்யும், அதால வேலை இருக்கு. வலை பொத்துறது நாட்கூலி, அறுந்த வலை கூட வந்தா கூலி கூட வரும் எண்டு நினைச்சிருந்தன். இல்லையாம், கொஞ்சம் அறுந்தாத்தான் பொத்துவினம், றோலரில அகப்பட்டா பொத்த ஒண்டும் மிஞ்சாது.

நான் வங்கியில வேலை எண்டு மச்சான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்காமச் சொல்லிப் போட்டான். உடனே மூத்தவர் ஊசியைக் கீழ வைச்சிட்டு, தங்களைப் போல ஆக்களுக்கு லோன் இருக்கோ எண்டு கேட்டார், மகள் படிக்கிறா, சொந்தமா நூலும் மிதப்பும் வாங்கி வைச்சு ஒரு சின்னக் கடை போடுற யோசனை. போட்டுக்கு லோன் இருக்கு, வலைக்கு இருக்கு, போட் உரிமையாளர் எண்டா சங்கக் கடிதத்தோட வரலாம். வலை பொத்துறவருக்கு எங்கட படிவத்தில பெட்டி இல்லை, "ஏனைய" எண்டதுக்குள்ளதான் போடலாம், அப்பிடிப் போட்டா அரசாங்க உத்தியோகத்தர் ரெண்டு பேரின்ர பிணை கேப்பினம். அதைத்தான் சொன்னன், வேற என்ன சொல்லுறது.

"அப்பிடி ரெண்டு பேரைத் தெரிஞ்சிருந்தா தம்பி, நான் அவையிட்டயே காசைக் கேட்டிருப்பன்" எண்டார். மற்ற ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்தார், கடன் கொப்பியில எழுதச் சொல்லி.

நாளைக்கு நெடுந்தீவு யோசனை. காத்துக் குறைஞ்சு குமுதினிப் படகு ஓடினா அங்க இருந்து எழுதுறன்.